டிரவுட் மீனுக்கு ஏன் குளிர்ந்த நீர் வேண்டும்?

நீலகிரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் டிரவுட் மீனைப் பார்த்திருக்கிறார்கள். சிலர் சாப்பிட்டும் இருக்கிறார்கள். சமவெளியில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இந்த மீன் பெயரளவில் மட்டும் தெரிந்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு மீனைக் கையில் எடுத்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு, வரலாறு, புவியியல் என்று ஆறு பாடங்களின் கதவு திறக்கும். மீனைக் கண்ணால் பார்க்காத வகுப்பறையிலும் இது நடக்கும். அதற்கான வழிகளை இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

தொடங்க ஒரே ஒரு கேள்வி போதும். டிரவுட் ஏன் குளிர்ந்த நீரில் மட்டும் வாழ்கிறது?

பத்தாம் வகுப்பில் ‘கரைசல்கள்’ பாடம் முடித்த மாணவர்கள் உடனே கை தூக்குவார்கள். “குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகமாகக் கரையும், டீச்சர்.” சரியான விடை. தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இது பாதி விடைதான். மீதிப் பாதியை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி செய்வதுதான் இந்தப் பாடத்தின் சுவை.

முதலில் மீனை அறிமுகம் செய்வோம்

நீலகிரி ஓடைகளில் இன்று இருப்பது வானவில் டிரவுட். உடல் வெள்ளி நிறம். முதுகிலும் துடுப்புகளிலும் கரும்புள்ளிகள். செவுள்மூடி தொடங்கி வால் வரை பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை. அந்தப் பட்டையால்தான் வானவில் என்ற பெயர். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தக் குடும்பத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில், முள் எதுவும் இல்லாத, சதைப்பற்றான ஒரு சிறிய துடுப்பு இருக்கும். அதைக் கொழுப்புத் துடுப்பு என்கிறோம். சமவெளி ஆசிரியர்கள் இதைக் காட்ட டிரவுட்டைத் தேட வேண்டாம். மீன்கடையில் கிடைக்கும் நாட்டுக் கெளுத்திக்கும் முதுகில் கொழுப்புத் துடுப்பு உண்டு. நெருங்கிய உறவு இல்லாத இரண்டு மீன்களில் ஒரே உறுப்பு எப்படி வந்தது என்பது மேல் வகுப்புகளுக்கு ஒரு நல்ல விவாதப் பொருள்.

டிரவுட்டின் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள குளிர்ந்த ஆறுகள். அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் வடபகுதி வரை அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையிலும், ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்திலும் அது இயற்கையாக வாழ்கிறது. சில மீன்கள் ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வாழ்ந்து முடிப்பவை. அதே இனத்தில் வேறு சில, இளமையில் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு வருபவை.

பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. 1792-இல் வால்பாம் என்ற ஜெர்மானிய மருத்துவர் கம்சட்கா மீனுக்கு ‘மைகிஸ்’ என்ற சிற்றினப் பெயரை வைத்தார். அந்த ஊர் மக்கள் அந்த மீனை அழைத்த பெயரிலிருந்து எடுத்தது. 1836-இல் ரிச்சர்ட்சன், வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று மீனை வேறு இனம் என்று கருதி, கெயர்ட்னர் என்ற மருத்துவரின் நினைவாகச் ‘சால்மோ கெயர்ட்னெரி’ என்று பெயரிட்டார். இரண்டும் ஒரே இனம்தான் என்று பின்னர் தெளிவானது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. மேலும் இந்த மீன் பசிபிக் சால்மன்களுக்குத்தான் நெருங்கிய உறவு என்பதும் தெரிந்தது. எனவே 1989 முதல் அதன் அறிவியல் பெயர் ‘ஆங்கோரிங்கஸ் மைகிஸ்’. அறிவியல் பெயர்கள் ஏன் மாறுகின்றன என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பாதி விடை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கடல் மட்டத்தில், ஒரு லிட்டர் நன்னீரில் காற்றிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் கரையும்? இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

0 டிகிரி செல்சியஸ் – 14.6 மில்லிகிராம்
10 டிகிரி – 11.3 மில்லிகிராம்
15 டிகிரி – 10.1 மில்லிகிராம்
20 டிகிரி – 9.1 மில்லிகிராம்
25 டிகிரி – 8.3 மில்லிகிராம்
30 டிகிரி – 7.6 மில்லிகிராம்

மாணவர்களை வரைபடத் தாளில் இதை வரையச் சொல்லலாம். கோடு நேராக இறங்காமல் வளைந்து இறங்குவதை அவர்களே கவனிப்பார்கள். வெப்பம் ஏற ஏற, கரைந்த வாயு வெளியேறுகிறது. இதுவரை பாடநூல் சொன்னது சரி.

உதகையும் சென்னையும்

இந்த இடத்தில் நான் ஒரு கூடுதல் தகவலைத் தருவேன். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 76 விழுக்காடுதான். அழுத்தம் குறைந்தால் வாயுவின் கரைதிறனும் அதே விகிதத்தில் குறையும் என்பது ஹென்றி விதி. ஆகவே உதகையில் 15 டிகிரி நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரையும்?

பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 10.1 × 0.76 = ஏறக்குறைய 7.7 மில்லிகிராம்.

சென்னையில் 30 டிகிரி நீரில்? பட்டியலில் இருக்கிறது: 7.6 மில்லிகிராம்.

வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: “அப்படின்னா சென்னைக் குளத்துலயும் டிரவுட் வளரணுமே, டீச்சர்?”

இந்தக் கேள்வி மாணவரின் வாயிலிருந்து வர வேண்டும். அதுவரை ஆசிரியர் காத்திருப்பது நல்லது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் என்ற விதி பொய்யில்லை. ஆனால் மலை உயரத்தில் அந்த லாபத்தின் பெரும்பகுதியைக் குறைந்த அழுத்தம் எடுத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் டிரவுட் மலையில் வாழ்கிறது, சமவெளியில் வாழ்வதில்லை. எனவே வேறொரு காரணமும் இருந்தாக வேண்டும்.

வரவு மட்டும் பார்த்தால் போதாது

வீட்டுக் கணக்கைச் சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். இரண்டு வீடுகளிலும் ஒரே சம்பளம். ஒரு வீட்டில் மாதக் கடைசியில் பணம் மிஞ்சுகிறது. மற்றொன்றில் பத்தாம் தேதியே கடன். ஏன்? “செலவு” என்று சட்டென்று சொல்வார்கள். மீனுக்கும் அப்படித்தான்.

மீனின் உடல் வெப்பநிலை அது வாழும் நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. நீர் சூடானால் உடலும் சூடாகும். உடலுக்குள் நடக்கும் வேதிவினைகள் எல்லாம் வேகம் பிடிக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஆக்சிஜன் தேவை இரு மடங்காகிறது. 15 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் தேவை இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை உயரும். சும்மா இருப்பதற்கே அவ்வளவு வேண்டும் என்றால், நீந்தவும் இரை பிடிக்கவும் செரிக்கவும் எங்கிருந்து மிஞ்சும்? வானவில் டிரவுட் 12 முதல் 16 டிகிரி வரை நன்றாக வளர்கிறது. 20 டிகிரியைத் தாண்டினால் உணவு குறைகிறது, நோய் எளிதில் தாக்குகிறது. 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் நீடித்தால் இறந்துவிடுகிறது.

வரவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் பட்டியலில் எழுதியது நீர் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. உண்மையில் அவ்வளவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மலை ஓடை பாறையில் மோதி, நுரைத்து, சலசலத்து ஓடுகிறது. ஒவ்வொரு மோதலிலும் காற்று உள்ளே கலக்கிறது. அதனால் அங்கே ஆக்சிஜன் ஏறக்குறைய முழு அளவில் இருக்கும். தேங்கிய குளத்தில் அப்படியில்லை. பகலில் பாசியும் செடிகளும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. இரவில் அவையும் சுவாசிப்பதால் அது குறைந்துகொண்டே போகிறது. விடியற்காலையில் குளத்து மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைச் சமவெளிப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். அந்த அனுபவத்தை இங்கே கேட்டு வாங்குங்கள்.

ஆக, முழு விடை இது: குளிர்ந்த, ஓடும் நீரில் மீனின் ஆக்சிஜன் வரவு குறையாமல் இருக்கிறது, செலவு குறைவாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் டிரவுட்டின் வாழ்க்கை.

விரால் என்ன செய்கிறது?

“அப்போ நம்ம குளத்து மீன் மட்டும் எப்படி உயிரோட இருக்கு?” இது அடுத்து வரும் கேள்வி. விரால் இதற்கு நல்ல விடை. அதன் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுக்கும் ஓர் அறை இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். பனையேறிக் கெண்டைக்கும் இதுபோன்ற உறுப்பு உண்டு. அதனால்தான் ஈரமாக வைத்திருந்தால் அவை நீருக்கு வெளியேயும் வெகுநேரம் உயிரோடு இருக்கின்றன.

டிரவுட்டுக்கு அந்த வசதி கிடையாது. செவுள் ஒன்றுதான் அதன் வழி. செவுளில் நீர் ஒரு திசையில் போகும். இரத்தம் எதிர்த் திசையில் ஓடும். இந்த எதிரோட்ட அமைப்பால் நீரிலுள்ள ஆக்சிஜனின் பெரும்பகுதியை அதனால் உறிஞ்ச முடிகிறது. ஒரு வரிசை மாணவர்களை ஒரு திசையிலும், இன்னொரு வரிசையை எதிர்த் திசையிலும் நடக்க வைத்து, கடக்கும்போது ஒருவரிடமிருந்து ஒருவர் காகிதத் துண்டுகளை மாற்றிக்கொள்ளச் சொன்னால், இந்த அமைப்பு நடித்தே விளங்கிவிடும்.

விரால் சிறந்ததா, டிரவுட் சிறந்ததா என்று மாணவர்கள் தீர்ப்பு எழுத விரும்புவார்கள். ஒவ்வொன்றும் தன் நீருக்கு ஏற்ற உடல் பெற்றிருக்கிறது என்பதே நாம் எடுத்துச் செல்ல வேண்டிய கருத்து.

முட்டைக்குள் ஒரு வகுத்தல் கணக்கு

குளிர் மாதங்களில் பெண் டிரவுட் கூழாங்கற்கள் நிறைந்த ஓடைப்படுகையைத் தேடும். பக்கவாட்டில் சாய்ந்து, வாலை அடித்து அடித்துக் குழி பறிக்கும். அதில் முட்டையிட்டதும் ஆண் மீன் விந்தைச் சொரியும். பிறகு பெண் மீன் சற்று மேலே போய் மீண்டும் வாலடித்துக் கற்களால் குழியை மூடிவிடும். கற்களின் இடைவெளியில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சேறு வந்து அடைத்தால் முட்டைகள் மூச்சின்றிச் சாகும்.

முட்டை பட்டாணியைவிடச் சற்றுச் சிறியது, ஆரஞ்சு நிறம். பாதி வளர்ச்சியில் இரண்டு கரிய கண்கள் வெளியே தெரியும். பொரித்து வரும் குஞ்சு, வயிற்றில் மஞ்சள் கருப் பையைச் சுமந்துகொண்டு கற்களுக்கு அடியிலேயே கிடக்கும். அந்தக் கட்டுச்சோறு தீர்ந்த பிறகுதான் மேலே நீந்தி வந்து சிறு பூச்சிகளைத் தின்னத் தொடங்கும்.

பொரிக்க எத்தனை நாள் ஆகும்? அது வெப்பநிலையைப் பொறுத்தது. மீன் வளர்ப்போர் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: நாட்களின் எண்ணிக்கையை நீரின் சராசரி வெப்பநிலையால் பெருக்கினால், வானவில் டிரவுட்டுக்கு ஏறக்குறைய 300 முதல் 350 வரை வரும். 320 என்று வைத்துக்கொண்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போடலாம். நீர் 10 டிகிரி என்றால் 32 நாள். 8 டிகிரி என்றால் 40 நாள். 5 டிகிரி என்றால் 64 நாள். இது தோராயம்தான், ஆனாலும் வகுத்தல் கணக்குக்கு உயிர் வந்துவிடும்.

இந்த மீன் இங்கே எப்படி வந்தது?

இந்தக் கணக்கைப் பயன்படுத்தித்தான் டிரவுட் உலகைச் சுற்றியது. ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட் முட்டைகள் 1864-இல் ‘நார்ஃபோக்’ என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா சென்று, அங்கிருந்து டாஸ்மேனியாவை அடைந்தன. பயணம் ஏறக்குறைய மூன்று மாதம். 10 டிகிரி நீரில் இருந்திருந்தால் அவை வழியிலேயே பொரிந்திருக்கும். ஆனால் ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டி அறையில் வைத்ததால், வளர்ச்சி மிக மெதுவாக நடந்தது; கரை சேர்ந்த பிறகுதான் குஞ்சுகள் வெளிவந்தன. “நாட்கள் கூட வேண்டுமென்றால் வெப்பநிலையை என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். தலைகீழ் விகிதம் என்ற சொல்லை நாம் சொல்வதற்கு முன்பே மாணவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

வானவில் டிரவுட் 1883-இல் கலிஃபோர்னியாவிலிருந்து நியூசிலாந்துக்குச் சென்றது. நீலகிரியில் டிரவுட்டைக் கொண்டுவர 1860-களிலேயே பிரான்சிஸ் டே முயன்றார். சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்து, பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் அவர். அந்த முயற்சி பலிக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியில் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வெளிநாடுகளிலிருந்து வந்த முட்டைகளால் வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. தூண்டில் போட்டு விளையாட விரும்பிய ஆங்கிலேயர்களுக்காக வந்த மீன் அது.

கலிஃபோர்னியா, நியூசிலாந்து, நீலகிரி மூன்றையும் உலக வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் நீலகிரி எப்படிக் குளிர்ந்திருக்கிறது என்ற கேள்வி, உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை நோக்கிக் கொண்டுபோகும்.

விருந்தாளியா, அத்துமீறி நுழைந்தவரா?

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டால் பாடம் முழுமையாகாது. டிரவுட் அழகான மீன், உணவாகும் மீன், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெருமையான மீன். அதே வானவில் டிரவுட், உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தயாரித்த பட்டியல் அது.

காரணம் அதன் பசி. பூச்சிப் புழுக்கள், சிறு மீன்கள், தலைப்பிரட்டைகள் என்று எது கிடைத்தாலும் விழுங்கும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை உச்சிகளில் முன்பு மீனே இல்லாத ஏரிகள் பல இருந்தன. அவற்றில் டிரவுட்டை விட்ட பிறகு, அங்கு மட்டுமே வாழ்ந்த மலைத் தவளைகள் பெருமளவு குறைந்தன. ஆய்வாளர்கள் சில ஏரிகளிலிருந்து மீன்களை அகற்றியதும் தவளைகள் திரும்பப் பெருகின. கலிஃபோர்னியாவின் ஆறுகளுக்குச் சொந்தமான மீனே, அதே மாநிலத்தின் மலையேரிகளில் அயலாராகிவிட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நியூசிலாந்திலும் உள்ளூர்ச் சிறு மீன்கள் டிரவுட்டால் பாதிக்கப்பட்டன.

மேற்குத் தொடர்ச்சி மலை, உலகில் வேறெங்கும் இல்லாத பல தவளை இனங்களின் வீடு. அவற்றின் தலைப்பிரட்டைகள் பல வளர்வது இதே ஓடைகளில்தான். எனவே டிரவுட்டை எங்கே வளர்க்கலாம், எங்கே விடக்கூடாது என்ற கேள்வி எங்கள் வகுப்பில் வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. மாணவர்களை இரு அணியாகப் பிரித்து விவாதிக்கச் சொல்வேன். மீன்வளத்தால் பிழைப்பவர், சுற்றுலா வழிகாட்டி, தவளை ஆய்வாளர், ஓடையருகே வாழ்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். முடிவில் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. யார் எந்தச் சான்றைச் சொன்னார்கள் என்று மட்டும் பட்டியல் போடுவோம்.

சமவெளியிலும் இதே கதை வேறு பெயர்களில் நடக்கிறது. நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, கொசுவை ஒழிக்கக் குளங்களில் விட்ட கம்பூசியா, வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போய் ஏரியில் கொட்டப்பட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன் ஆகிய மூன்றும் அயல் இனங்கள். தொட்டி மீனை ஒருபோதும் குளத்திலோ ஆற்றிலோ விடக்கூடாது என்ற ஒரே ஒரு செய்தியை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டுபோனாலே இந்தப் பாடம் பயன் தந்துவிட்டது.

குளிர் எங்கிருந்து வருகிறது?

ஓடையின் குளிர்ச்சிக்கு உயரம் மட்டும் காரணமில்லை. சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி, மண்ணுக்குள் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. மண்ணுக்குள்ளிருந்து வரும் அந்த நீர் வெயிலில் கிடந்த நீரைவிடக் குளிர்ந்தது. கரையோர மரங்களின் நிழல் அந்தக் குளிர்ச்சியைக் காக்கிறது. வேர்கள் மண்ணைப் பிடித்து வைப்பதால் கூழாங்கற்களுக்கு இடையில் சேறு அடைவதில்லை.

எங்கள் மாணவர்கள் வெப்பமானியுடன் ஓடைக்குச் சென்று, சோலை நிழலில் ஓர் இடத்திலும், மரங்கள் வெட்டப்பட்ட திறந்த வெளியில் ஓர் இடத்திலும் ஒரே நேரத்தில் நீரின் வெப்பநிலையை அளந்து குறித்தார்கள். நிழலில் இருந்த நீர்தான் குளிர்ந்தது என்று எண்ணாகப் பார்த்தபோது, ‘மரம் மழை தரும்’ என்று சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பதைவிட அது ஆழமாகப் பதிந்தது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் குடும்பமும் அந்த நீரை நம்பித்தான் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறது.

வெப்பம் கூடிக்கொண்டே போனால் சமவெளி உயிரிகள் மலையேறலாம். மலை உச்சியில் இருப்பவை எங்கே ஏறும்? நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் வானம். டிரவுட் அயல்நாட்டு மீன். அது இல்லாமல் போனாலும் கம்சட்காவிலும் அலாஸ்காவிலும் வாழும். ஆனால் அதே குளிரை நம்பி இங்கே மட்டும் வாழும் தவளைக்கும் பூச்சிக்கும் வேறு ஊர் கிடையாது. நான் இந்தப் பாடத்தை நடத்துவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். டிரவுட் தாங்க முடியாத அளவுக்கு ஓர் ஓடை சூடாகும்போது, பெயர் தெரியாத எத்தனையோ சிற்றுயிர்களும் அங்கே தவித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகள்: முட்டை, கண் தெரியும் முட்டை, கருப்பையுடன் குஞ்சு, நீந்தும் குஞ்சு, வளர்ந்த மீன் என ஐந்து படங்களை வரைந்து அட்டைகளாக வெட்டி, வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஐந்தாம் வகுப்பில் 320-ஐ வெவ்வேறு வெப்பநிலைகளால் வகுத்துப் பொரிக்கும் நாளைக் கண்டுபிடிக்கலாம்.

ஆறு முதல் எட்டு வரை: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் குழாய்நீரைப் பிடித்து, ஒன்றை நிழலிலும் மற்றொன்றை வெயிலிலும் வையுங்கள். சூடான குவளையின் உட்சுவரில் சிறு குமிழிகள் ஒட்டியிருக்கும். நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதை மாணவர் கண்ணால் பார்ப்பார்.

கோயில் குளமோ பள்ளி மீன்தொட்டியோ இருந்தால், ஒரு மீனின் செவுள்மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று காலையிலும் நண்பகலிலும் எண்ணச் சொல்லுங்கள். நீரின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுத வேண்டும். மீனைக் கையால் தொடவோ நீரைச் சூடாக்கவோ வேண்டாம். வெயில் செய்யும் மாற்றமே போதும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகள்: உங்கள் ஊரின் உயரத்தையும், உங்கள் ஊர்க் குளத்து நீரின் வெப்பநிலையையும் கண்டுபிடித்து, அதில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் கரையும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை, மதுரை, நாகப்பட்டினம் என்று ஊருக்கு ஊர் விடை மாறும். பிறகு, “இந்த நீரில் டிரவுட் வாழுமா? வரவை மட்டும் சொல்லாமல் செலவையும் சேர்த்துக் காரணம் எழுதுக” என்று கேளுங்கள்.

இந்த வினாவுக்குப் பிள்ளைகள் எழுதும் விடைகளைத் திருத்துவது எனக்குப் பிடித்த வேலை. ஒரே மாதிரி இரண்டு விடைத்தாள்கள் வருவதில்லை. ஒருவர் அழுத்தத்தை நினைவில் வைத்திருப்பார். ஒருவர் விடியற்காலைக் குளத்தை எழுதுவார். ஒருவர் கரையில் மரம் இருக்கிறதா என்று நம்மையே திருப்பிக் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கும் நான் மதிப்பெண் போடுகிறேன்.